இரண்டு மனுக்கள்

நகரசபையின் வரவு செலவுக் கணக்கை இலக்கியமென்று கருதுவார் எவருமிலர். ஆண்டுதோறும் அச்சாகி வரும் அந்தத் தடித்த புத்தகத்தை வாசிகசாலை மேசையிலே கண்டால், அதன் பக்கத்தில் கிடக்கும் சஞ்சிகையை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்வதே எம்மனோர் வழக்கம். முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்த நாமும் அவ்வழக்கத்துக்கு விலக்கானவரல்லேம். வறுமையைப் பொருளாகக் கொண்ட சிறுகதைகளை மாணவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறோம். சேரி வாழ்வைச் சித்திரிக்கும் நாவல்களைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறோம். ஆனால், அந்தச் சேரிக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குரிய விடை கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்திலேதான் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தலை நரைத்த பின்னரே அறிந்தோம். அதுவும் ஒரு வெட்கத்தின் வாயிலாகவே அறிந்தோம். அந்த வெட்கத்தை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் குடியிருக்கும் நகரத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. இலங்கையின் எந்த நகரத்திலும் எமது ஒழுங்கையைப் போன்ற ஓர் ஒழுங்கை இருக்கும். முன்பக்கத்திலே இளைப்பாறிய ஆசிரியர், இலிகிதர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் வீடுகள். எமது வீடும் அவற்றுள் ஒன்று. பணிக்கொடைப் பணமும், எமது துணைவியாரின் காப்புகள் இரண்டும், வங்கிக் கடனும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் ஒரு 'தோட்டம்'. எமது நகரங்களிலே தோட்டம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வாசகர் அறிவர். அங்கே மரமுமில்லை, செடியுமில்லை. பலகையாலும் தகரத்தாலும் பழைய செங்கல்லாலும் ஆன அறைகளில் இருபத்தாறு குடும்பங்கள் வாழ்கின்றன. வாயிலில் ஒரு குழாய். மூலையில் மூன்று மலசலகூடங்கள். அவற்றுள் ஒன்று நெடுங்காலமாக அடைபட்டுக் கிடக்கிறது. காலை நான்கு மணிக்கே வாளிகள் மோதும் ஓசை எமது படுக்கையறைக்குக் கேட்கும். அந்த ஓசையை நாம் பல்லாண்டுகளாகக் கேட்டிருந்தும் அதனை ஒரு கேள்வியாகக் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டுக்குச் சோலைவரி மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. சோலைவரி என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்து எமக்கு வந்த வரி. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியிலே நூற்றுக்கு இத்தனை வீதமென்று சபை அறவிடுகிறது. பெயரில் சோலை இருக்கிறது. எமது ஒழுங்கையில் அது இல்லை. நீண்ட காலமாக மாற்றப்படாதிருந்த மதிப்பீடு திடீரென மாற்றப்பட்டது. காலாண்டுக்கு நாம் செலுத்தி வந்த தொகை ஏறக்குறைய இரட்டித்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் ஓய்வூதியத்தின் கொள்வலு எவ்வளவு சுருங்கிற்று என்பதை அனுபவித்தவர் அறிவர். ஒழுங்கை முழுவதும் கொதித்தெழுந்தது.

குடியிருப்பாளர் சங்கம் அவசரமாகக் கூடியது. மனு ஒன்று அனுப்புவதென்று தீர்மானமாயிற்று. மனு எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, ஆசிரியராகிய எம்மிடமே வந்து சேர்ந்தது. நாமும் சிறிது பெருமையோடுதான் ஏற்றுக்கொண்டோம். 'வாழ்நாள் முழுவதும் நாட்டுக்குழைத்த முதியோரின் முதுகிலே ஏற்றப்படும் தாங்கொணாச் சுமை' என்று ஒரு வாக்கியம் எழுதியபோது பேனை தானாகவே ஓடியது. மதிப்பீட்டை முற்றாக இரத்துச் செய்து பழைய வரியையே அறவிட வேண்டுமென்று முடித்தோம். நாற்பத்தொரு வீட்டார் கையொப்பமிட்டனர். ஒழுங்கையின் முனையில் நான்கு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றை வைத்திருக்கும் கனவானும், வேறு இரு நகரங்களிலே வீடுகளை உடையவருமான அவருடைய மைத்துனரும் எமது சொல்வன்மையை மெச்சி முதலிலே கையொப்பமிட்டார்கள். அப்போதே நாம் ஐயுற்றிருக்க வேண்டும், ஐயுறவில்லை.

அதே வாரத்தில் ஒரு மாலை, எம்மிடம் முன்னர் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். மதிலுக்கு அப்பாலுள்ள தோட்டத்திலே பிறந்து வளர்ந்து, அங்கேயே மணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, ஆடைத் தொழிற்சாலையொன்றிலே தையல் வேலை செய்பவள். "சேர், ஒரு மனு எழுதித் தாறீங்களா?" என்றாள். குழாய் ஒன்று போதாது, இன்னொன்று வேண்டும். அடைபட்ட மலசலகூடத்தைத் திருத்தித் தர வேண்டும். விடியுமுன் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகச் சில நாட்களில் பிந்திவிடுகிறது. பிந்தினால் வருகைப் படி வெட்டப்படுகிறது. பெண்பிள்ளைகள் இருட்டியபின் மூலைக்குப் போக அஞ்சுகிறார்கள். இவற்றையெல்லாம் அவள் முறையிடும் குரலிற் சொல்லவில்லை. பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள். நாம் எழுதிக் கொடுத்தோம். அந்த மனுவும் நன்றாகவே அமைந்தது.

இரண்டு வாரங்களின் பின் எமது மனுவின் நிலையை அறியக் கந்தோருக்குப் போனோம். வருமானப் பகுதியிலிருந்த நடுத்தர வயது இலிகிதர் எம்மை மரியாதையோடு அமரச் செய்து, இரண்டு கடதாசிக் கோவைகளை எடுத்து மேசையில் அருகருகே வைத்தார்.

"சேர், இது ரெண்டும் உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்," என்றோம்.

"முதலாவதிலை கேட்டபடி செய்தால் ரெண்டாவதுக்குக் காசு எங்கையிருந்து வரும், சேர்?"

அவர் எம்மைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே எத்தனையோ மாணவரை விடை தெரியாமல் நிற்க வைத்த நாம், அன்று அந்த மேசைக்கு முன்னால் அவ்வாறே இருந்தோம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நாலு மணிக்கு வாளிகளின் ஓசை வழக்கம்போலக் கேட்டது. மறுநாள் வாசிகசாலைக்குச் சென்று, அதுகாறும் தொடாத அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தோம்.

*

ஒரு நகரம் வளர்வதற்குப் பணம் வேண்டும். வீதி, வடிகால், தண்ணீர், குப்பை அகற்றல், வைத்தியம், வாசிகசாலை ஆகிய எல்லாமே பணம். இப்பணம் வருவதற்கு நான்கு வழிகளே உண்டு. உள்ளூர் மக்களிடமும் சொத்துக்களிடமும் வரியாகப் பெறலாம், மத்திய அரசின் நன்கொடையை எதிர்பார்க்கலாம், கடன் படலாம், பொது நிலத்தை விற்கலாம். நகரில் யாருக்கு எத்தகைய வீடு கிடைக்கும் என்பதை நிருணயிப்பது வீடமைப்பு அமைச்சரின் பேச்சன்று. இந்த நான்கு வழிகளுள் எதிலே நகரம் நடக்கிறது என்பதே.

சோலைவரியையும் வியாபார அனுமதிக் கட்டணங்களையும் பெரிதும் நம்பி வாழும் ஒரு சபையின் கண்கொண்டு பாருங்கள். ஒரு காணித் துண்டிலே வணிக மாளிகை எழுந்தால் வரி மிகுதி. அதற்கு நகரம் செய்ய வேண்டிய பணி குறைவு. அதே காணியில் ஐம்பது ஏழைக் குடும்பங்கள் குடியேறினால் வரி சொற்பம். அவர்களுக்கோ தண்ணீரும் வடிகாலும் தாய்சேய் நிலையமும் வேண்டும். ஆகவே சபை ஏழையின் வீட்டைச் செலவென்றும் செல்வரின் மாடியை வரவென்றும் காணப் பழகிவிடுகிறது. இதற்குத் தீய மனிதர் வேண்டியதில்லை. நல்ல கணக்கர் போதும். 'அபிவிருத்தி' என்ற சொல்லுக்கு நகரங்களிலே கண்ணாடிக் கட்டடம் என்ற பொருள் வந்து சேர்ந்ததன் இரகசியம் இதுவே.

இன்னொரு விடயமும் எமக்குத் தெளிவாயிற்று. எமது ஒழுங்கையைச் சபை அகலமாக்கித் தார் போட்டது, வடிகால் கட்டியது, விளக்கு வைத்தது. அதன் பயனாக எமது காணியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வுக்கு நாம் ஒரு கல்லும் தூக்கவில்லை. பொதுப்பணம் எமது தனிச்சொத்தின் பெறுமதியாக உருமாறிற்று. அதில் ஒரு பங்கைச் சபை திருப்பிக் கேட்டபோது 'தாங்கொணாச் சுமை' என்று எழுதினோம்! ஒழுங்கை முனையிலுள்ள நான்கு மாடிக்காரர் எம்மிலும் பன்மடங்கு இலாபம் பெற்றவர். அவருடைய கையொப்பம் எமது மனுவின் முதலாவதாக இருந்ததற்குக் காரணம் எமது சொல்வன்மை அன்று. எமது ஓய்வூதியத்தின் நியாயத்தை முன்னே நிறுத்தி, அதன் பின்னால் அவருடைய வாடகை நின்றுகொண்டது. மத்தியதர வகுப்பினர் அரசியலில் அடிக்கடி செய்யும் தொண்டு இது.

*

இந்தக் கேள்விக்கு வேறு விடை கண்ட நகரம் எதுவும் இல்லையா என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலிலே எம்மை நிறுத்தி வைத்தது ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா. அந்நகரை நாம் கண்டதில்லை. நூல்களின் வாயிலாகவே அறிவோம். ஆனால் அதன் வரலாற்றைப் படித்தபோது எமது மதிலுக்கு அப்பாலுள்ள வாளிகளின் ஓசை அங்கேயும் கேட்டது.

முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் வியன்னாவின் சனத்தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அரண்மனைகளும் இசையரங்குகளும் நிறைந்த அந்நகரில் தொழிலாளரின் வீடு பெரும்பாலும் ஓர் அறையும் சமையலிடமுமே. தண்ணீர்க் குழாய் நடைபாதையில். மலசலகூடமும் அங்கேயே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக. வாடகை கொடுக்க இயலாமையால் தம் படுக்கையையே பகலில் ஒருவருக்கும் இரவில் ஒருவருக்கும் வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கசரோகத்துக்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் வழங்கிற்று. வீடு கட்டுதல் அங்கே தனியார் வியாபாரம். நகரம் அவர்களுக்கு வீதி அமைத்துக் கொடுத்து, தொழிலாளர் செலுத்திய வாடகையின் மேல் வரி வாங்கி வாழ்ந்தது.

1919ஆம் ஆண்டு மே மாதத்தில், எல்லார்க்கும் சம வாக்குரிமையோடு நடந்த முதலாவது நகரத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றது. நகரின் நிதியை ஏற்றவர் ஹூகோ பிரைட்னர். அவர் வங்கியொன்றின் இயக்குநராக இருந்தவர். பணத்தின் போக்கு வரத்தை உள்ளிருந்தே அறிந்தவர். 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியன்னா தனியொரு மாநிலமாயிற்று. இது வெறும் நிருவாக மாற்றமன்று. மாநிலத்துக்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் இல்லாதிருந்தால் பின்னர் எழுந்த ஒரு சுவரும் எழுந்திராது.

யுத்த காலத்தில், 1917இல், கொண்டு வரப்பட்ட வாடகைக் கட்டுப்பாடு தொடர்ந்து நின்றது. பணவீக்கம் வாடகையை ஏறக்குறைய ஒன்றுமில்லாததாக்கிற்று. இலாபமில்லாத தொழிலில் முதல் போட எவர் வருவர்? தனியார் வீடு கட்டுவதை நிறுத்தினர். காணியின் விலை விழுந்தது. பிறர் இதனை அழிவென்று கண்டனர். நகரசபை இதனை வழியென்று கண்டது. மலிந்த காணியை நகரமே வாங்கிற்று. 1930களின் தொடக்கத்தில் நகரப் பரப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நகருக்குச் சொந்தமாக இருந்தது.

காணி கிடைத்தது, கட்டுவதற்குப் பணம்? இங்கேதான் பிரைட்னரின் கணக்கு வருகிறது. 1923ஆம் ஆண்டு வீடமைப்பு வரி என்ற புதிய வரி விதிக்கப்பட்டது. வாடகைக் கட்டுப்பாட்டினால் குடியிருப்பாளருக்கு மிஞ்சிய தொகையில் ஒரு சிறு பங்கையே அது எடுத்தது. ஆனால் எல்லோரிடமும் ஒரே வீதத்தில் எடுக்கவில்லை. வீட்டின் பெறுமதி ஏற ஏற வீதமும் செங்குத்தாக ஏறிற்று. நூற்றுக்கு அரை வீதம் மட்டுமேயான மிகப் பெரிய சொத்துக்கள் மொத்த வரியிலே நூற்றுக்கு நாற்பத்தைந்து வரை செலுத்தின. மிகச் சிறிய நூற்றுக்கு எண்பத்திரண்டு வீதமான வீடுகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இருபத்திரண்டு அளவிலேயே செலுத்தின. இந்த எண்களை எமது குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டோம். 'வரி கூடாது' என்பதும் 'வரி வேண்டும்' என்பதும் இரண்டே கட்சிகளென்று எண்ணியிருந்தோம். 'எவரிடமிருந்து' என்ற மூன்றாவது கேள்வி எமது மனுவில் எங்குமே இடம்பெறவில்லை.

இதனோடு வேறு வரிகளும் வந்தன. மோட்டார்க் காருக்கு வரி; பந்தயக் குதிரைக்கு வரி; உல்லாச உணவுச்சாலைக்கு வரி; களியாட்டத்துக்கு வரி; ஒரு வேலைக்காரருக்கு மேல் வைத்திருக்கும் வீட்டுக்கு, வேலைக்காரரின் தொகைக்கேற்ப ஏறும் வரி. வீடமைப்பு வரி மட்டும் கட்டுமானச் செலவு முழுவதுக்கும் போதவில்லை. மீதியை நகரின் பொது வருமானம் தாங்கிற்று. கடன் பட்டுக் கட்டுவதைப் பிரைட்னர் விரும்பவில்லை. கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டியை ஈற்றில் குடியிருப்பவனே வாடகையாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. வரிப்பணத்தில் கட்டிய வீட்டுக்கோ பராமரிப்புச் செலவை மாத்திரம் வாடகையாகப் பெற்றால் போதும். ஒரு தொழிலாளியின் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கே வாடகையாயிற்று. வீட்டின் வாடகையை நிருணயிப்பது செங்கல்லின் விலையினும் அதிகமாகச் செங்கல் வாங்கிய பணத்தின் பிறப்பிடமே என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நாம் கண்டதில்லை.

1923ஆம் ஆண்டில் ஐந்து வருடங்களில் 25,000 வீடுகள் என்று திட்டமிட்டனர். காலத்துக்கு முன்னரே அது நிறைவேறிற்று. 1934ஆம் ஆண்டளவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. நகர மக்களில் ஏறக்குறைய பத்திலொருவர் அவற்றில் வாழ்ந்தனர். அவற்றுள் மிகவும் பெயர்பெற்றது 1927க்கும் 1930க்கும் இடையில் கட்டப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. கார்ல் ஏன் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. 1,382 வீடுகள் கொண்டது. காணியில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவாகவே கட்டடம். எஞ்சியது முற்றமும் மரமும். பொதுச் சலவையகம், குளிப்பகம், பாலர் பாடசாலை, வாசிகசாலை, பல் வைத்திய நிலையம் யாவும் உள்ளேயே. ஒவ்வொரு வீட்டினுள்ளும் தண்ணீர். ஒவ்வொரு வீட்டினுள்ளும் மலசலகூடம். இவ்வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தோம்.

குறைகள் இல்லாமலில்லை. வீடுகள் மிகச் சிறியன. தொடக்கத்தில் பெரும்பாலானவை 38 அல்லது 48 சதுர மீற்றர் மாத்திரமே. குளிக்கும் அறை வீட்டினுள் இல்லை. சலவையகத்தில் பெண்களே வேலை செய்தனர். வீட்டு வேலையின் பாரம் பெண்ணினின்றும் நீங்கவில்லை. இவற்றை மறைத்து வியன்னாவைச் சுவர்க்கமாக்குவது வரலாற்றுக்கும் அழகன்று, எமக்கும் பயனன்று.

செல்வர் சும்மாயிருக்கவில்லை. பிரைட்னர் வரி என்பதே ஒரு வசைச்சொல்லாயிற்று. அவர் யூத வம்சத்தில் வந்தவரென்பதும் அவருடைய பகைவருக்கு வாய்ப்பாயிற்று. அவருடைய தலை உருள வேண்டுமென்று 1930ஆம் ஆண்டிலே பகிரங்க மேடையில் முழங்கியவரும் உண்டு. ஆனால் வியன்னாவை முதலில் தாக்கியது பீரங்கி அன்று, கணக்குப் புத்தகமே. 1931ஆம் ஆண்டில் மத்திய அரசு தான் பகிர்ந்தளிக்கும் வரிவருமானத்தில் வியன்னாவின் பங்கைக் குறைத்தது. கட்டுமானம் தளர்ந்தது. 1932இல் பிரைட்னர் பதவி விலகினார். அதன் பின்னரே, 1934ஆம் ஆண்டு பெப்ரவரியில், கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின் மேல் அரசின் பீரங்கிகள் சுட்டன. மேயர் கார்ல் சைட்ஸ் கைது செய்யப்பட்டார். மக்கள் தெரிந்தெடுத்த நகராட்சி ஒழிக்கப்பட்டது. பிரைட்னர் பின்னர் நாடு நீங்கி 1946இல் அமெரிக்காவிலே இறந்தார். வீடுகளோ நின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் நகரம் மீண்டும் கட்டத் தொடங்கிற்று. இன்று ஏறக்குறைய இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் வீடுகள் அந்நகருக்கே சொந்தம்.

*

எமது நாட்டின் கதை வேறு. கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே பிறந்தது. ஆனால் அதற்கும் ஏனைய சபைகளுக்கும் வியன்னா பெற்ற வரியதிகாரம் ஒருபோதும் கிடைத்ததில்லை. தாம் விரும்பிய புதிய வரியை விதிக்க அவற்றால் இயலாது. கடன் படுவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். ஊழியரின் சம்பளத்துக்கே மேலிடத்தின் கையை எதிர்பார்க்கும் சபைகள் பல. வீடமைப்பு எப்போதும் மத்திய அரசின் அலுவலாகவே இருந்து வந்திருக்கிறது.

மத்திய அரசு ஒன்றுமே செய்யவில்லையென்று கூறுவது நேர்மையன்று. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1973ஆம் ஆண்டில், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வாடகைக் குடியினர் பலர் தாமிருந்த வீட்டுக்கே உரிமையாளராயினர். அதன் பின் வந்த அரசு 1978இலிருந்து ஓரிலட்சம் வீடுகள், 1984இலிருந்து பத்து இலட்சம் வீடுகள் என்று திட்டங்கள் வகுத்தது. ஆனால் நகரத்து ஏழைகளைப் பொறுத்தவரையில், 1990களின் பிற்பகுதியிலிருந்து நான்காவது வழியே முதன்மை பெற்றது. தோட்டத்து மக்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, அவர்கள் விட்டுச் செல்லும் பெறுமதி மிக்க நிலத்தை முதலீட்டுக்கு விடுவித்து, அதனால் வரும் பணத்திலே மேலும் தொடர்மாடி கட்டுவதென்ற தத்துவம் அப்போது உருவாயிற்று. 2001ஆம் ஆண்டிற் குடியேற்றப்பட்ட 671 வீடுகள் கொண்ட சஹஸ்புர அதன் முதற்பலன். 2010ஆம் ஆண்டின் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை, கடன்பத்திரங்களை வெளியிட்டு ஆயிரம் கோடி ரூபா திரட்டி, இதனைப் பெருமளவில் நடத்திற்று. அச்சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. சொந்தக் குடிலை இழந்து போனோர் பலரிடம் புதிய வீட்டுக்கெனப் பத்து இலட்சம் ரூபா நெடுங்காலத் தவணையிற் கேட்கப்பட்டது.

தொடர்மாடியின் உள்ளே தண்ணீர் வருகிறது, மலசலகூடம் இருக்கிறது. அங்கே மகிழ்ந்து வாழ்வோரும் உளர். அதனை நாம் இகழவில்லை. எமது கேள்வி கணக்கைப் பற்றியது. கடன்பத்திரத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நிலம் விரைவாக விடுவிக்கப்பட வேண்டும். ஆகவே அங்கிருப்பவரிடம் விருப்பமா என்று கேட்பதற்கு நேரமிராது. கடனின் அவசரம் மனிதரின் அவசரமாகிவிடுகிறது. வியன்னாவிலே நகரின் வளர்ச்சிக்கு மாளிகைகள் பணம் கொடுத்தன. இங்கே தோட்டங்கள் தம் நிலத்தைக் கொடுத்தன. பின்னர் தவணைப் பணத்தையும் கொடுத்தன.

நிதியைப் பிடித்திருப்பவர் வாக்கையும் பிடித்திருக்கிறார் என்பதற்கும் அண்மைக் கால உதாரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காமையால் நடைபெறாது போயிற்று. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெறும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எமது சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. பணமில்லையென்ற ஒரு சொல்லுக்கு முன்னால் குழாய் மட்டுமன்று, வாக்குச்சீட்டும் நின்றுபோகும்.

*

எமது சங்கத்தை மீண்டும் கூட்டினோம். முதல் மனுவைத் திருப்பிப் பெறுவோமென்றும் வேறொன்று அனுப்புவோமென்றும் கூறினோம். புதிய மனுவில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. சோலைவரி வீதம் பெறுமதிக்கேற்ப ஏற வேண்டும். வேறு வருமானமின்றித் தாமே குடியிருக்கும் சிறு வீட்டு முதியோருக்குச் சலுகை வேண்டும். வணிகக் கட்டடங்களும் பல வீடுடையோரும் வைத்திருக்கும் நிலுவை முதலில் அறவிடப்பட வேண்டும். அதிகமாக வரும் வருமானத்தில் ஒரு பங்கு தோட்டங்களின் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்குமென ஒதுக்கி வைக்கப்பட வேண்டும்.

மண்டபத்தில் அமைதி நிலவிற்று. நான்கு மாடிக் கனவான், "மாஸ்ரருக்கு இந்த வயசிலை அரசியல் பிடிச்சிட்டுது," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவருடைய மைத்துனரும் போனார். பலர் யோசித்துச் சொல்வதாகக் கூறினர். எமது நெடுநாள் நண்பரொருவர் வாயிலில் எமது கையைப் பிடித்து, "நீர் சொல்லுறது சரிதான், ஆனால் எனக்கு மேலும் கட்ட ஏலாது," என்றார். அவர் சொன்னதும் பொய்யன்று. அவருடைய வீடு எமது வீட்டிலும் சிறியது. இரண்டாவது கோரிக்கை அவருக்காகவே எழுதப்பட்டது. அதை நாம் எடுத்துச் சொல்லுமுன் அவர் போய்விட்டார். நாற்பத்தொரு பேர் ஒப்பமிட்ட ஒழுங்கையில் புதிய மனுவுக்கு ஏழு ஒப்பங்களே கிடைத்தன.

மறுநாள் மாலை மாணவி வந்தாள். மனுவைப் படித்துக் காட்டினோம். படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "சேர், நாங்களும் இதிலை கையெழுத்து வைக்கலாமோ? நாங்கள் வரி கட்டுற ஆக்கள் இல்லையே."

"தோட்டத்து அறைக்கு நீ வாடகை கட்டுறியா, பிள்ளை?"

"மாசாமாசம் கட்டுறன், சேர். நாலு மாடி ஐயாவின்ரை ஆள் வந்து வாங்கிக்கொண்டு போறார்."

தோட்டத்து அறைகளுக்கும் உடைமையாளர் அவரே என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. மதிலுக்கு இப்பால் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் தெரிந்திருக்கவில்லை. சோலைவரி வாடகையினுள்ளே அடங்கியிருக்கிறது. செலுத்துபவள் அவள், பற்றுச்சீட்டு மாத்திரம் அவருடைய பெயரில் இருக்கிறது. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னோம். அவள் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர் மனுவை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாட்களின் பின் அதனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதிலே முப்பத்தெட்டுக் கையொப்பங்கள் புதிதாக இருந்தன. சில பெருவிரல் அடையாளங்களும் இருந்தன.

வருமானப் பகுதி இலிகிதர் மனுவை வாங்கி, கடைசி வரைக்கும் படித்து, முத்திரையிட்டு ஏற்றுக்கொண்டார். சபையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்திலே விடயம் கவனத்துக்கெடுக்கப்படுமென்று அதிலே எழுதியிருக்கிறது. 'கவனத்துக்கெடுக்கப்படும்' என்ற சொல்லின் பொருளை எமது நாட்டு மக்கள் நன்கறிவர், நாமும் அறிவோம். ஆயினும் அக்கூட்டம் நடக்கும் நாளில் பார்வையாளர் வாங்குகளிலே நாம் இருப்போம். மாணவி அன்றைக்கு அரைநாள் லீவு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்; அதற்கு எவ்வளவு சம்பளம் வெட்டப்படும் என்பதையும் கணக்குப் பார்த்தே சொன்னாள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நகரத்து வாசிகசாலையிலும் அந்தத் தடித்த புத்தகம் தூசி படிந்து கிடக்கும். ஒரு முறை அதனை எடுத்து, செலவுப் பக்கத்தை விட்டுவிட்டு, வரவுப் பக்கத்தை முதலிற் படியுங்கள்.

தோட்டத்துக் குழாய் இன்னும் ஒன்றுதான். இன்று காலையும் நாலு மணிக்கு வாளிகளின் ஓசை கேட்டது.